நால்ரோடுகளைத் தூங்கவைத்தவள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பனியனில் எங்கே ஓட்டை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்த்து ஒதுக்கிவைப்பதுதான் இத்தனை வருடமாக என் வேலை. கல்யாண வீட்டில்கூட ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்டவள், கம்ப்யூட்டர் சிப்புக்குள் வழி போடுகிற வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் படித்தால் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு மேலே படிக்கட்டும். நான் எழுத வந்தது அந்தத் தொழிலைப் பற்றி அல்ல. எங்கள் வீட்டு மாடியில் சில வருடம் குடியிருந்து, பிறகு வேறு ஊருக்குப் போய்விட்ட ஒருத்தியைப் பற்றி. பெயரைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. தேவையில்லாத இடத்துக்குத் தன் பெயர் போவதை அவள் விரும்பமாட்டாள்.

பெருமாநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கீழே பாதியில் நாங்கள் குடியிருக்கிறோம். மீதிப் பாதியில் சில தையல் மெஷின்களைப் போட்டு, கம்பெனிகளிடமிருந்து வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கிறோம். இந்த மாதிரிச் சின்ன யூனிட்டைப் பவர் டேபிள் என்பார்கள். மாடியில் அவளும் அவள் கணவரும். அவர் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் வந்ததிலிருந்து அது கப்பல் ஏறும்வரை ஓடிக்கொண்டே இருக்கிற வேலை. அவளுக்கு பெங்களூர்க் கம்பெனி. மேலே ஒரு அறையில் உட்கார்ந்தபடியே வேலை பார்ப்பாள். உடுமலைப்பேட்டைப் பக்கம் தோட்டத்துக் குடும்பத்துப் பெண். அப்போது முப்பதைத் தாண்டியிருப்பாள்.

நான் அவளை முதலில் கவனித்தது படிக்கட்டில்தான். வெறுங்கையோடு அவள் இறங்கி நான் பார்த்ததே இல்லை. குப்பைப் பை, திருப்பி அனுப்பவேண்டிய பார்சல், இஸ்திரிக்குப் போகும் துணி, காலித் தண்ணீர்க் கேன் என்று எல்லாம் சேர்ந்த பிறகுதான் இறங்குவாள். திரும்பி ஏறும்போதும் கை நிறைய ஏதாவது இருக்கும்.

"குப்பைய நேத்தே போட்டிருக்கலாமல்ல கண்ணு" என்று ஒருநாள் சொன்னேன்.

"கீழ வர்றதுக்கு இன்னொரு வேலை சேரட்டும்னு இருந்தேனுங்க அக்கா. ஒரு நடைக்கு ஒரே சாமான்னா அந்த நடை வீணுங்க."

சோம்பேறி என்று நினைத்தேன். அப்படி இல்லை. இறங்கிவிட்டாளானால், எங்கள் யூனிட்டிலிருந்து வெளியே போகவேண்டிய மூட்டை ஏதாவது இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டுபோய் டெம்போ பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போவாள். வேலைக்கு அவள் பயந்தவள் அல்ல. வீண் நடையைத்தான் அவளால் தாங்க முடியாது. விளக்கு, மின்விசிறி, மோட்டார் எதுவும் ஆள் இல்லாத இடத்தில் ஓடக் கூடாது. எங்கள் தையல்காரி பேச்சியம்மா ஒருமுறை தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அவளுடைய மெஷின் விளக்கை அணைத்துவிட்டாள் இவள்.

பேச்சு விஷயத்திலும் அப்படியே. யாருக்கு என்ன தெரியவேண்டுமோ அதை அவர்களிடம் மட்டும் சொல்வாள். மாடியில் குழாய் ஒழுகினால் என்னிடம் சொல்லமாட்டாள். நேரே பிளம்பரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடுவாள். "உங்ககிட்டச் சொன்னா நீங்களும் பிளம்பரத்தான கூப்பிடுவீங்க. நடுவுல எதுக்குங்க உங்களத் தொந்தரவு பண்ணோணும்" என்பாள். அவள் சொன்னது சரிதான். என்றாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். என் வீட்டில் என்ன நடக்கிறது என்று பிளம்பர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம் செக்கிங் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்திருந்தாள். நான் யாரிடமும் எதுவும் கேட்கிற ஆளில்லை. அன்றைக்கு என்னவோ கேட்டுவிட்டேன்.

"நீ மேல உக்காந்து என்ன வேலைதான் கண்ணு பாக்கறே?"

தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள். "இத்தனூண்டுக்குள்ள நம்ம திருப்பூராட்டம் ஒரு ஊருங்க அக்கா. நம்மூர்ல நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் உங்ககிட்ட. ஒரு பனியன் முடியறதுக்குள்ள எத்தன தடவ டெம்போ ஏறி எறங்குது. சிப்புக்குள்ளயும் அதே கதைதானுங்க. கணக்குப் போடற எடம் நெறைய இருக்குது. கணக்குப் போடறதுக்குக் கரண்ட் கொஞ்சந்தான் புடிக்கும். போட்ட கணக்க இன்னொரு எடத்துக்குக் கொண்டு போறதுக்குத்தான் செலவு."

"அதுக்குள்ள ரோடு இருக்குதா?"

"ரோடும் இருக்குது, நால்ரோடும் இருக்குதுங்க. ஒவ்வொரு நால்ரோட்டுலயும் ஒரு போலீஸ்காரரு நின்னு, இந்தச் சேதி இந்தப் பக்கம் போ, அந்தச் சேதி அந்தப் பக்கம் போன்னு கை காட்டறாருன்னு வெச்சுக்கங்க. வண்டியே வராதப்பவும் அவரு நிக்கறாரு. நின்னா பேட்டரி தீருது. அவரத் தூங்க வெக்கறதுதான் என்ற வேலை."

"தூங்கறப்ப வண்டி வந்துட்டா?"

"முன்னாடியே ஒரு சேதி போயி எழுப்பிரோணுமுங்க. எழுப்பறதுக்குன்னே ஒரு மெல்லிசுக் கம்பி தனியா இருந்துச்சு. அதுவும் கொஞ்சம் கரண்ட் தின்னுட்டு, எடத்த அடைச்சுட்டுக் கெடந்துச்சுங்க. போன வருசம் அதையும் எடுத்துட்டேன். எழுப்பற சேதியும் மத்த சேதிக கூடவே அதே ரோட்டுல போற மாதிரி பண்ணிட்டேன்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். புதுச் சேலை கட்டின பிள்ளை மாதிரி இருந்தது. அந்தக் கம்பியை எடுத்ததற்காகக் கம்பெனியில் மேடை ஏற்றிப் பாராட்டினார்களாம். நெஞ்சில் ஒட்டிக்கொண்டு இருதயம் ஒழுங்காகத் துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கருவிக்கான சிப் அது. கம்பி போனதால் பேட்டரி இன்னும் பல நாள் கூடுதலாக வருமாம்.

என் கணவர் தமாஷாகப் பேசுகிறவர். "ஏனுங்க அம்மிணி, எங்க யூனிட்டையும் கொஞ்சம் சிக்கனம் பண்ணிக் குடுங்களே" என்று ஒருநாள் கேட்டுவைத்தார். அவளுக்குத் தமாஷ் புரியாது. ஒரு நாள் முழுக்க ஓரமாக உட்கார்ந்து யார் எங்கே நடக்கிறார்கள் என்று பார்த்தாள். மறுநாள் அயர்ன் மேஜையை இழுத்து என் பக்கத்தில் போட்டாள். தண்ணீர்க் கேனைத் தையல்காரர்களுக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தாள். நூல் பெட்டி, கத்திரி எல்லாம் கைக்கு எட்டும் இடத்துக்கு வந்தன. தைத்த துணி யாரும் எழுந்திருக்காமலேயே கைக்குக் கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. அன்றைக்கு வேலை நன்றாகவே ஓடியது. என் கணவருக்கு ஒரே பெருமை.

அதற்கடுத்த நாள்களில் எல்லார் முகமும் சுண்டிப்போயிருந்தது. பேச்சியம்மா சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. மனசில் இருப்பதைக் கொட்டிவிடுவாள்.

"ஏம்மா, தண்ணி குடிக்க அந்தா வரைக்கும் நடந்து போறதுதான் எங்களுக்கு லீவு. வழியில நாலு வார்த்த பேசுவோம். அதையும் புடுங்கிட்டியளே. விட்டா எங்க காலையும் ஆஃப் பண்ணிப் போட்டுருவியளோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. காது சிவந்துவிட்டது. மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் தானே இறங்கி வந்து தண்ணீர்க் கேனைப் பழைய மூலைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "நடை வீண்னு நெனச்சேனுங்க. அதுல வேற என்னமோ போயிட்டு வந்துட்டு இருந்திருக்குது" என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

அவள்மேல் எனக்குப் பிரியம்தான். ஆனால் ஒருநாள் பயமும் வந்தது.

கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் வாரத்தில் அவள் கணவர் விடிய விடியப் பேக்கிங்கில் நின்றுவிட்டுக் காலையில் வந்து படுப்பார். அப்படி அவர் தூங்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், அவருடைய சொந்த ஊரான கொமரலிங்கத்திலிருந்து அவளுக்குப் போன் வந்தது. அவள் மாமியார் வாய்க்கால் படியில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். அவள் போனிலேயே ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரரைக் கூடப் போகச் சொன்னாள். உடுமலை ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தாள். எல்லாம் முடித்துவிட்டு, சாயங்காலம் தண்ணீர் மோட்டார் போட ஆள் இருக்காது என்று என்னிடம் சொல்ல இறங்கி வந்தாள். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரியும்.

"தம்பி கெளம்பிட்டாருங்களா?"

"தூங்கறாருங்க."

"இன்னும் எழுப்பலியா கண்ணு?"

"எழுப்பி என்னங்க அக்கா பண்றது? இப்ப எக்ஸ்ரே எடுத்துட்டு இருப்பாங்க. பெரிய டாக்டர் மத்தியானந்தான் வருவாரு. இவரு எந்திரிச்சாப் பதறுவாரு, அவ்வளவுதான். தூங்கி எந்திரிச்சு நிதானமா வண்டி ஓட்டட்டும்."

அவர் தானாக எழுந்தது மத்தியானத்துக்கு மேல்தான். அப்புறம் மாடியில் அவர் போட்ட சத்தம் மெஷின் சத்தத்தையும் மீறிக் கீழே கேட்டது. தையல்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

"எங்கம்மாடி அது. என்னைய எழுப்பலாமா வேண்டாமான்னு நீ எப்படி முடிவு பண்ணுவே?"

"நீங்க எந்திரிச்சிருந்தா என்னங்க மாறியிருக்கும்?" அவள் குரல் உயரவே இல்லை.

"ஒண்ணும் மாறியிருக்காது. எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

மாமியாருக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்து, ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்துவிட்டார். டாக்டரே மருமகளின் ஏற்பாட்டைப் பாராட்டினாராம். ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் வெகுநாள் வரைக்கும் தனித்தனியாகத்தான் படி இறங்கினார்கள். அவர் எதற்குக் கோபித்துக்கொண்டார் என்று அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. என்னிடம் ஒருமுறை, "எல்லாத்தையும் சரியாத்தானுங்க பண்ணினேன்" என்றாள். நான் அடுத்த பனியனை எடுத்துப் புரட்டினேன்.

இனி நான் சொல்ல வந்த அந்த வாரத்துக்கு வருகிறேன்.

அவளுடைய சிப்பின் டிசைன் வெள்ளிக்கிழமை வெளிநாட்டு ஃபேக்டரிக்குப் போகவேண்டும். போய்விட்டால் அதற்கப்புறம் கையே வைக்க முடியாதாம். எங்கள் தொழிலில் துணியை வெட்டின மாதிரி. அளவு தப்பென்றால் தப்புதான், ஒட்டவைக்க முடியாது. அந்தத் திங்கட்கிழமைதான் முதல்முறையாக அவள் வெறுங்கையோடு படி இறங்கி வந்தாள். சும்மா வாசலில் நின்றுவிட்டு ஏறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தாள்.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போகும்போது அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். சந்து கூடும் இடத்தில் வண்டிகள் சிக்கிக்கொண்டன. துணி ஏற்றிய டெம்போ திரும்பமுடியாமல் பள்ளிக்கூட வேன் தடுத்தது. வேனைத் தண்ணீர் லாரி தடுத்தது. லாரி பின்னால் எடுக்கலாமென்றால் அங்கே ஒரு கார். அந்தக் கார் நகரவேண்டுமானால் டெம்போ நகரவேண்டும். ஆளாளுக்கு ஹாரன் அடித்தார்கள். அவள் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல யாரு மேல தப்புங்க அக்கா?"

"யாரு மேலயும் இல்லியே கண்ணு."

"யாரு மேலயும் இல்ல. ஆனா யாரும் நகர முடியாது." கொஞ்சம் கழித்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "என்ற சிப்பு நேத்து ஒருவாட்டி இப்படி நின்னுடுச்சுங்க. டெஸ்ட் ஓட்டறப்ப. மறுக்கா ஓட்டினா நிக்கல. அப்புறம் எத்தனையோ வாட்டி ஓட்டிட்டேன். நிக்கவே இல்ல."

"அப்பச் சரியாப் போச்சா?"

"இல்லீங்க. ஒருக்கா நின்னது மறுக்கா நிக்கும். ஏன் நின்னுச்சுன்னு தெரியல. வெள்ளிக்கெழமைக்குள்ள தெரிஞ்சாகோணும்."

"ஆபீஸ்ல சொல்லிட்டியா?"

"எங்க சாருகிட்ட மட்டும் சொன்னேனுங்க. டெஸ்ட்லதான் தப்பு இருக்கும்னுட்டாரு."

வியாழக்கிழமை எங்கள் பக்கத்துக்கு மாதாந்திர மின்தடை. காலையில் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். மாடியில் இருந்த இன்வெர்ட்டர் முற்பகலிலேயே தீர்ந்துவிட்டது. எங்கள் யூனிட்டுக்கு ஜெனரேட்டர் உண்டு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். செக்கிங் மேஜையின் ஒரு பாதியை நான் காலி செய்து கொடுத்தேன். டெஸ்ட் ஓடுவது பெங்களூரில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களில்தானாம். இவள் போன் வழியாக இன்டர்நெட் எடுத்து இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. நான் ஒவ்வொரு பனியனாகப் புரட்டினேன். ஓட்டை இருக்கிறதா இல்லையா என்றே என் கண்ணில் பதியவில்லை.

திடீரென்று எழுத்துகள் ஓடுவது நின்றது. அவள் கையைத் தூக்கி என்னை அசையாமல் இருக்கச் சொன்னாள், நான் அசைந்தால் அது கலைந்துவிடும் என்பதுபோல. பிறகு ரொம்ப நேரம் எதையெதையோ திறந்து பார்த்தாள். கடைசியில் நாற்காலியில் சாய்ந்தாள்.

"தெரிஞ்சு போச்சுங்க அக்கா."

"என்ன கண்ணு?"

"அந்த நால்ரோட்டுப் போலீஸ்காரரு லைட்ட அணைச்சுட்டுப் படுக்கப்போற அதே நிமிசத்துல வண்டிக வந்து நின்னுருதுங்க. முழிச்சிருக்காருன்னு நெனச்சு வருது. எழுப்பற சேதி அதுக்குப் பின்னாடி வந்து மாட்டிக்குது. அவரு எந்திரிச்சாத்தான் வண்டி நகரும். வண்டி நகர்ந்தாத்தான் சேதி போயி அவர எழுப்பும். அந்தக் கம்பி இருந்திருந்தா நின்னிருக்காது."

அவள் எடுத்த கம்பி.

மேலதிகாரிக்குப் போன் போட்டாள். காதில் மாட்டுவதில் சார்ஜ் இல்லை. ஜெனரேட்டர் சத்தத்தில் போனைக் காதில் வைத்தால் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். அதனால் எனக்கும் கேட்டது. அவர் தமிழ்க்காரர்.

"வந்துருச்சுங்க சார். ஸ்கிரீன்ல நிக்குது. காரணமும் தெரிஞ்சிருச்சு" என்று தொடங்கி, என்னிடம் சொன்னதையே அவர்கள் பாஷையில் விளக்கினாள்.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"எப்பவாவது ஒரு தடவதானம்மா வரும்?"

"எப்பவாவதுதானுங்க."

"வந்தாத்தான் என்ன? நின்னு போனாக் கண்டுபிடிச்சு மறுபடி ஓட வைக்கிறதுக்குக் காவலுக்கு ஒண்ணு வச்சிருக்கோம்ல."

"அது அனுப்பற சேதியும் அதே வழிலதானுங்க சார் போகுது. கம்பிய எடுத்தப்ப அதையும் சேர்த்து மாத்திட்டேன்."

"நீயா?"

"ஆமாங்க சார்."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு மட்டுந்தானுங்க."

"அப்படியே இருக்கட்டும். மூணு மணி மீட்டிங்ல கஸ்டமர் ஆளுங்க எல்லாம் இருப்பாங்க. எல்லாம் ரெடின்னு சொல்லு. நாளைக்கு அனுப்பிருவோம். அடுத்த தடவ செய்யறப்ப சரிபண்ணிக்கலாம்."

"அதுவரைக்கும் இத நெஞ்சுல ஒட்டியிருக்கறவங்க சார்? நின்னாலும் மேல இருக்கற லைட் எரிஞ்சுட்டேதான் இருக்கும். வேலை செய்யுதுன்னு நெனச்சுட்டு இருப்பாங்க."

"பாரும்மா, நான் மிரட்டல. உள்ளதச் சொல்றேன். இப்ப நிறுத்தினா யாராவது ஒருத்தர் பதில் சொல்லியாகணும். அது நீதான். இத்தன வருசம் நீ வளத்த வேலை இது. அப்புறம் இந்த வேலையில நீ இருக்க மாட்ட. யோசிச்சுக்க."

போன் அணைந்தது. அவள் உள்ளங்கையை மேஜைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அதைத் தொடவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் கணவர் வந்தார். நேரே மாடிக்குப் போகப்போனவரை அவள் கூப்பிட்டாள். முழுவதையும் சொன்னாள். கம்பியை, சார் சொன்னதை, மூணு மணி மீட்டிங்கை. அவர் நின்றபடியே கேட்டார். அந்த வீட்டில் அவள் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

"இதுல நான் என்ன பண்ணோணும்?" என்றார் கடைசியில்.

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னுதான்."

அவர் அவளையே பார்த்தார். அப்புறம் ஆபீஸுக்குப் போன் போட்டு, வர நேரமாகும் என்று சொன்னார். தைத்த துணி மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். அவளுக்கு எந்த யோசனையும் சொல்லவில்லை.

மூணு மணிக்கு மீட்டிங் ஆரம்பித்தது. எல்லாம் இங்கிலீஷ். யார் யாரோ பேசினார்கள். சிரிப்புக்கூடக் கேட்டது. தன் முறைக்காகக் காத்திருந்தாள் போல. மேஜைக்கு அடியில் ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் காரணமில்லாமல் எதையும் அசைத்து நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் பெயரைச் சொல்லி யாரோ கேட்டார்கள். அவள் வாயைத் திறந்த நேரத்தில் ஜெனரேட்டர் இருமியது. டீசல் தீர்ந்துவிட்டது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அந்த அமைதியில் அவள் குரல் யூனிட் முழுவதும் கேட்டது. என்ன சொன்னாள் என்று எனக்கு வரிக்கு வரி தெரியாது. "மை மிஸ்டேக்" என்று சொன்னது மட்டும் புரிந்தது. குரல் முதலில் பிசிறியது. அப்புறம் நிதானமாகிவிட்டது. என் கணவர் டீசல் கேனைக் கையில் எடுத்தவர், எடுத்தபடியே நின்றார். தையல்காரர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

அவள் முடித்தாள். அந்தப் பக்கம் ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினார்கள். அவளுடைய சார் குரலும் அதில் இருந்தது. அவரும் இங்கிலீஷில்தான் பேசினார். அவள் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னாள். திரையில் நின்றுபோயிருந்ததை அவர்களுக்கும் காட்டினாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் லேப்டாப்பை மூடினாள்.

"என்ன தாயி சொல்லுதா?" என்று பேச்சியம்மா என்னிடம் கிசுகிசுத்தாள்.

"தப்பு தன்னோடதுன்னு சொல்லியிருக்கறா."

"இம்புட்டுத்தானா? இதுக்கா இவ்வளவு நேரம் இங்கிலீசு?"

அவள் கணவர்தான் முதலில் சிரித்தார். அவள் என் பக்கம் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"சொல்லிட்டேனுங்க அக்கா. அத்தன பேர்த்துக்கும்."

"நிறுத்திட்டாங்களா கண்ணு?"

"நாளைக்குச் சொல்வாங்களாமுங்க."

மறுநாள் அந்த டிசைனை அனுப்பவில்லை. பதினோரு மணி வாக்கில், அவளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டு வேறொருவரிடம் கொடுத்திருப்பதாகத் தகவல் வந்தது. அவள் அதைக் கீழே வந்து என்னிடம் சொன்னாள். நான் செக்கிங் மேஜையில் இருந்தேன். அன்றைக்குக் கரண்ட் இருந்தது; கீழே வர அவளுக்கு வேறு வேலை எதுவும் இல்லை.